சுண்டைக்காய் எஞ்சின்

"எலுமிச்சம்பழமா வைக்கிற? வேண்டாம் சொர்ணம், அது மேல ஏற முடியாம வண்டி மல்லாந்துரும்!" என்றார் விஜயபாண்டி.

தோப்பு வேலியோரம் வேடிக்கை பார்க்க நின்றவர்கள் சிரித்தார்கள்.

சொர்ணலதா முழங்கால் உயர நீராவி எஞ்சினைப் பார்த்தாள். கையிலிருந்த பழத்தைப் பார்த்தாள். அண்ணன் சொல்வதும் நியாயம்தான். வேலிப் பக்கம் போய் நாலு சுண்டைக்காய் பறித்து வந்து முன் சக்கரங்களுக்கு அடியில் வைத்தாள்.

"இப்பச் சரி. சுண்டைக்கா எஞ்சினுக்குச் சுண்டைக்கா!" என்றார் அண்ணன்.

அவள் கணவர் சுயம்புலிங்கம் எஞ்சின் அடுப்பில் கரியைப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. வாரம் முழுக்கத் தேனியில் லேத் பட்டறை. பம்புசெட் ஷாஃப்ட் கடைகிற வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் அனுமந்தன்பட்டித் தோப்பில் இருக்கும் இந்த ஷெட். ஏழு வருடம் இப்படியே போயிருக்கிறது. செம்புத் தகட்டை உருட்டிப் பற்றவைத்த பாய்லர், பிஸ்டன், விரல் நீள விசில் என்று ஒவ்வொன்றும் அவர் கையால் செய்தது. தென்னைகளுக்கு நடுவே வளைந்து திரும்பும் தண்டவாளமும் அவர் போட்டதுதான்.

மச்சானுக்கு அந்த ஷெட்டின் மேல் கண். கம்பம் மெட்டு இறங்கி வரும் ஏலக்காயை அடுக்கி வைக்க அவருக்கு ஒரு குடோன் வேண்டும்.

"பெறகு பேச்சு மாறக் கூடாது மாப்ள. நீ, நானு, சொர்ணம், எங்க வீட்டுக்காரி. நாலு பேரையும் இழுத்துக்கிட்டு ஒரே ஒரு சுத்து. நடுவுல நின்னுச்சோ, ஷெட்டு எனக்கு. எஞ்சின் பழைய இரும்புக் கடைக்கு."

"சரிங்க மச்சான்."

சுயம்புலிங்கத்துக்கு உள்ளுக்குள் பயமில்லை. போன ஞாயிறு ஆறு மூட்டை சிமெண்டை ஏற்றிக்கொண்டு இதே பாதையில் விசிலடித்தபடி ஓடிய வண்டி இது. தன்னைத் தவிர மூன்று ஆட்கள் எம்மாத்திரம்?

எஞ்சினுக்குப் பின்னால் பலகை அடித்த இரண்டு சின்னப் பெட்டிகள். சுயம்புலிங்கம் முன்னால் உட்கார்ந்தார். விஜயபாண்டி நேராகக் கடைசிக்குப் போனார்.

"நான் இங்கன உக்காந்துக்கிறேன். பாய்லர் வெடிச்சா குதிச்சு ஓடத் தோது."

"அது நான் உக்கார்ற எடம்ணே. அங்கன உக்கார்றவுக..."

"எல்லாம் எனக்குத் தெரியும் ஆத்தா, நீ ஏறு."

சொர்ணலதாவும் அண்ணி சந்தனம்மாளும் நடுவில் ஒருக்களித்து உட்கார்ந்தார்கள்.

அடுப்பில் கொட்டாங்கச்சிக் கரி செக்கச் சிவந்து கிடந்தது. பிரஷர் முள் எண்பதில் நின்றது. சுயம்புலிங்கம் நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரை மெல்லத் திறந்தார். நாலு சுண்டைக்காயும் சடசடவென்று நசுங்கின. வண்டி நகர்ந்தது. வேலியோரம் ஒரே கைதட்டல்.

"முருகா!" என்று பின்னாலிருந்து ஓர் அலறல் கேட்டது.

பத்தடி தாண்டியிருக்கும். எஞ்சின் திடீரென்று கனத்துப் போனது.

சுயம்புலிங்கத்துக்கு அது உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்தது. ஓடவேண்டிய வண்டி ஊர்ந்தது. ரெகுலேட்டரை இன்னும் திறந்தார். முள் அறுபதுக்கு இறங்கியது. பிறகு ஐம்பது.

"என்ன மாப்ள, இப்பவே முக்குது?" விஜயபாண்டியின் குரல் நடுங்கினாலும் கேலி குறையவில்லை. "என்னமோ கருகுற நாத்தம் வேற வருது! உன் எஞ்சின்தான் வேகுது!"

"செத்த சும்மா வாங்களேன்," என்றாள் சந்தனம்மாள். "அவுக எம்புட்டுப் பாடுபட்டு ஓட்டுறாக!"

சுயம்புலிங்கம் திரும்பவில்லை. திரும்பினால் மச்சானின் முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கே தப்பு? பிஸ்டனிலா? வால்விலா? ஏழு வருடத்தில் எந்த ஞாயிற்றுக்கிழமை அசந்தேன்? கரியைப் பிடி பிடியாகப் போட்டார். முள் நாற்பதைத் தொட்டது.

எதிரே கிணற்று மேடு.

எஞ்சின் ஒரு மூச்சு விட்டது. நின்றுவிட்டதோ என்று நினைக்கும்போது அடுத்த மூச்சு. இரண்டுக்கும் நடுவே இருந்த நிசப்தத்தில் தோப்பில் ஒரு காக்கை கரைவதுகூடக் கேட்டது. அவரும் எஞ்சினோடு சேர்ந்து மூச்சை இழுத்தார், விட்டார். இன்னும் நாலடி. மூன்றடி. கருகல் நாற்றம் மூக்கைத் துளைத்தது.

முன் சக்கரம் மேட்டைத் தாண்டியது.

சரிவில்கூட வண்டி துள்ளவில்லை; முனகிக்கொண்டேதான் இறங்கியது. ஆனால் நிற்கவில்லை. நசுங்கிக் கிடந்த சுண்டைக்காய்கள் கண்ணில் பட்டதும் ரெகுலேட்டரை மூடினார். எப்போதும் பதினைந்தடி உருண்டு போய் நிற்கிற வண்டி, ஆணி அடித்தாற்போல அங்கேயே நின்றது.

வேலியோரம் விசில் பறந்தது. சொர்ணலதா குதித்து இறங்கினாள். "ஜெயிச்சுட்டீக! ஒரு எடத்துலயும் நிக்கலங்க!"

சுயம்புலிங்கம் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷெட் தப்பித்துவிட்டது. ஆனால் ஆறு மூட்டை சிமெண்டைத் தூக்கி ஓடியது, இந்தக் கனத்துக்கே நொண்டினால் இது என்ன ஜெயிப்பு?

"ஒத்துக்கிறேன் மாப்ள," என்றார் விஜயபாண்டி, வேர்த்து வழிந்தபடி. "ஷெட்டை நீயே வச்சுக்க. ஆனா ஒண்ணு, நான் கீழ விழாம வந்ததுக்கு நீ வச்ச இந்தக் கைப்பிடிதான் காரணம். கெளம்புனப்பப் பிடிச்சவன், இந்நேரம் வரைக்கும் விடலயே!"

சுயம்புலிங்கம் அப்போதுதான் முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தார்.

மச்சான் இரண்டு கையாலும் நெஞ்சோடு இழுத்து இறுக்கிப் பிடித்திருந்தது, வண்டியின் பிரேக்கை.