கெண்டைக்குப் போட்ட மருந்து

கெண்டைகளுக்குச் சிவப்புப் புண் வந்து இன்றோடு இருபத்தொரு நாள். நாகமலை அடிவாரத்துப் பண்ணைக் குளத்தில் காலை வெயில் மின்னுகிறது. முத்துமீனா தீவனம் வீச, மீன்கள் முண்டியடித்து வாய் பிளக்கின்றன. வலையில் துள்ளும் ஒன்றைப் புரட்டிப் பார்க்கிறார் சித்தப்பா அழகுபாண்டி. புண் இருந்த இடத்தில் புதுச் செதில் பளபளக்கிறது. “தீவனத்துல கலக்கச் சொன்ன பாட்டில் மருந்துக்குக் கைமேல பலன், மாப்ள. இன்னும் பத்து வாங்கியாரேன்” என்று பக்கத்துக் குளத்துப் பேயாண்டியிடம் சொல்லிவிட்டு வண்டியை உதைக்கிறார். பேயாண்டியின் பார்வை முத்துமீனாவின் பச்சை விரல்களில் நிற்கிறது. “ஏத்தா, மருதாணி சிவக்கலையா?” அவள் வாளியைக் கீழே வைக்கிறாள். வண்டிச் சத்தத்தை மீறி அவள் குரல் எழுகிறது. “சித்தப்பா, அந்தப் பாட்டிலை நான் இன்னும் திறக்கவே இல்ல. இம்புட்டு நாளும் குப்பைமேனிச் சாறுதான் பிசைஞ்சு போட்டேன்.”