நின்றபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

பழனிசெட்டிபட்டி அலுவலகத்தில் மதன்குமாருக்கு ஒரே வேலைதான். விவசாயிகள் போனிலிருந்தே கிணற்று மோட்டாரைப் போடும் ஆப் எங்காவது நின்றுபோனால், தானாக வந்து விழும் கிராஷ் ரிப்போர்ட்டைப் படிக்க வேண்டும். 'நின்றபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?' என்றொரு கட்டம் அதில் உண்டு. ஆப் நின்ற எரிச்சலில் யார் அதை நிரப்பப் போகிறார்கள்?

இன்று காலை தேவாரம் ஊரிலிருந்து சுருளிராஜன் என்ற விவசாயி நிரப்பியிருந்தார்: "தண்ணி வத்தட்டும்னு மோட்டாரப் போட்டேன்." போன் இருக்கும் இடமென்று ரிப்போர்ட் காட்டியது, தரைக்குக் கீழே அறுபதடி.

மதன்குமார் அந்த எண்ணுக்கே கூப்பிட்டான். சுருளிராஜனின் மனைவி நாகஜோதி எடுத்தாள்.

"அவுகள முந்தாநாள்லருந்து காணோம் சார். போனு இங்கன வீட்டுலதான் கெடக்கு. மோட்டாரு தானா ஓடுது. இருங்க, கெணத்த எட்டிப் பாத்துட்டு வாறேன்."

போனை வைத்துவிட்டு விலகிப்போகும் செருப்புச் சத்தம் கேட்டது. திரையில் அதே எண்ணிலிருந்து அடுத்த ரிப்போர்ட் வந்து விழுந்தது.

"ஜோதிய வரவேணாம்னு சொல்லுங்க."