ரீஸ்டார்ட் பட்டன்

அண்ணன் விட்டுப்போன கேமிங் கம்ப்யூட்டர் இப்போது கிழடு தட்டிவிட்டது. வீட்டில் தம்பிக்குத் துணை அது ஒன்றுதான். விளையாட்டின் நடுவே அவன் எழுந்தால் போதும், தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

அண்ணன் உயிரோடு இருந்தபோதும் இதே கூத்துதான். தம்பி பாதியில் எழுந்தால் அவனுக்குப் பொறுக்காது. மேஜைக்கடியில் கால் கட்டைவிரலால் ரீஸ்டார்ட் பட்டனை அமுக்கிவிட்டு, "எழுந்தா மறுபடி முதல்லேர்ந்துதான்டா" என்பான்.

மெக்கானிக் வந்து தூசி தட்டினார், பவர் சப்ளையை மாற்றினார். தம்பியை உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தால் சமர்த்தாக ஓடியது.

"பட்டன்தான் சார் தேஞ்சுபோய் ஒட்டிக்குது. அதோட வயரையே கழட்டிட்டேன். இனிமே யார் அமுக்கினாலும் ஒண்ணும் ஆகாது" என்று வயரை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

தம்பி விளையாட உட்கார்ந்தான். வெகுநேரம் கழித்துத் தண்ணீர் குடிக்க எழுந்தான். அறை வாசலைத் தாண்டவில்லை, திரை இருண்டு மறுபடி முதலிலிருந்து வந்தது.

குனிந்து மேஜைக்கடியில் பார்த்தான். பட்டன் அமுங்கியிருந்தது. வயர் அவன் சட்டைப்பையில்தான் இருந்தது.

"சரிண்ணா, எங்கேயும் போகல" என்றான்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் பட்டன் மெல்ல வெளியே வந்தது.