அவரே பறக்கிறேன் என்றாலும்

ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வரிதான் பாக்கி.

சம்பளம் பேசி முடிந்துவிட்டது. ஓய்வு நேரம் முடிந்துவிட்டது. வெளியூரில் விமானிகள் தங்கும் விடுதி அறைக்கு ஜன்னல் வேண்டுமா வேண்டாமா என்பதுகூட ஒன்றரை மணி நேரம் இழுபறியாகி ஒருவழியாக முடிந்துவிட்டது. ஏழு மாதமாக எதிரெதிரே உட்கார்ந்து விமானிகள் சங்கம், விமானக் கம்பெனி இரண்டு தரப்புக்கும் முகம் புளித்துப்போயிருந்தது.

மிச்சம், பதினேழாவது பிரிவின் கடைசி வரி.

விமானியின் வீட்டில் உயிருக்கு ஆபத்து என்று தகவல் வந்தால் அதை உடனே அவரிடம் சொல்லிவிட வேண்டும். இது பிரிவு. கம்பெனி சரி என்றுவிட்டது. சொன்ன பிறகு அன்று அவரைப் பறக்க விடக்கூடாது, அவரே பறக்கிறேன் என்றாலும். இது கடைசி வரி. இதற்குத்தான் கம்பெனி மசியவில்லை.

வரியை எழுதியவர் சங்கத் தலைவர். கேப்டன். பணி ஓய்வுக்கு இன்னும் பதினோரு மாதம்.

அவர் ஏன் இப்படி ஒற்றைக்காலில் நிற்கிறார் என்பது மேசையைச் சுற்றியிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்பு ஒருநாள் அவருக்கு நான்கு பயணங்கள். இரண்டாவது முடியும்போதே மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும் தகவல் கம்பெனிக்கு வந்துவிட்டது. விமானத்தை ஓட்டப்போகிறவர் காதில் கெட்ட செய்தியைப் போடக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். நான்காவது பயணம் முடிந்து சொந்த ஊரில் இறங்கிய பிறகு சொன்னார்கள். அதற்குள் எல்லாம் ஆகிவிட்டது.

கம்பெனி எழுத்தில் மன்னிப்புக் கேட்டது. சங்கத் தேர்தலில் அவரை எதிர்த்து நிற்க யாருக்கும் மனம் வரவில்லை.

அவர் மகளும் இதே கம்பெனியில் துணை விமானி. அப்பா மேலே இருந்தால் மகள் கீழே, மகள் மேலே போனால் அப்பா கீழே. பார்த்துக்கொள்வதே அபூர்வம். ஆனால் பேச்சுவார்த்தை நடக்கிற நாளெல்லாம் காலையில் ஒரு செய்தி அனுப்புவாள். ‘அம்மாவுக்காக விட்டுடாதீங்கப்பா.’ விடுதி அறையில் டிவியை ஓடவிட்டுத் தூங்கிப் பழகி, வீட்டிலும் அப்படியே தூங்குகிற அந்த மனிதருக்கு ஒரு நாளில் கிடைக்கிற ஒரே சொந்தக் குரல் அது.

பக்கத்தில் இருந்த சங்கச் செயலாளர் அவர் காதோடு குனிந்தார். “விட்டுருங்க கேப்டன். இந்த வரி இல்லாமலே பிரிவு கெட்டியாத்தான் இருக்கு.”

எதிரே இருந்த கம்பெனி அதிகாரியும் ஒரு காலத்தில் விமானிதான். கோபமில்லாமல்தான் கேட்டார்.

“மனசுல கை வச்சுச் சொல்லுங்க. வீட்டுல ஒரு உயிர் போராடுதுன்னு தெரிஞ்ச பிறகும் எவன் சார் விமானத்தை எடுப்பான்? நடக்கவே நடக்காத ஒண்ணுக்கு எதுக்கு ஒரு வரி?”

சங்கத்துக்காரர்களே தலையை ஆட்டினார்கள்.

கேப்டன் பேசவில்லை. துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒன்பது வருஷமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று இரண்டாவது ஊரில் பயணிகள் இறங்கிக்கொண்டிருந்தபோது, தரைப்பணி ஆள் ஒருவன், அவர் தனியாக இருந்த நேரம் பார்த்து விமானி அறைக்கு ஏறி வந்தான். சொல்லக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு, மனசு கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னான். வேறு கம்பெனி விமானம் ஒன்று இருபத்தைந்து நிமிஷத்தில் நேராக உங்கள் ஊருக்குப் போகிறது, ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறேன் என்றான்.

கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முன்பும் இரண்டு முறை மூச்சுத்திணறல் என்று சேர்த்து, மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தவள்தானே. தான் இறங்கினால் மாற்று விமானி வரும்வரை நூற்றறுபது பேர் காத்துக் கிடக்க வேண்டும். கடைசிப் பயணமே சொந்த ஊருக்குத்தான். இன்னும் இரண்டுதானே, முடித்துவிட்டே போகிறேன் என்று அவனை அனுப்பிவிட்டார். அவன் பிறகு வேலையை விட்டுக் கண்காணாத நாட்டுக்குப் போய்விட்டான்.

அன்று நான்கு பயணங்களும் குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மகள் அழுதுகொண்டே ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். இப்போதுதான் சொன்னார்கள் என்றார். வாயில் வந்துவிட்டது. மறுநாள் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தார். மறுநாளைக்குள் அது எல்லோர் வாய்க்கும் போய்விட்டது.

இப்போது ஒரு வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும். யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. நாளைக்கு இன்னொருவன் காதில் அதே செய்தி விழும். அவனும் கடிகாரத்தைப் பார்ப்பான்.

“நான் எடுத்தேன்,” என்றார் கேப்டன்.

யாருக்கும் புரியவில்லை.

“அன்னைக்கு எனக்குத் தெரியும். ரெண்டாவது ட்ரிப்லயே ஒருத்தன் வந்து சொல்லிட்டான். தெரிஞ்சுதான் எடுத்தேன். அதுக்குத்தான் இந்த வரி.”

கம்பெனி அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். செயலாளர் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். அது அவருக்கே தெரிந்திருக்காது.

மேசைக் கோடியில் கூட்டக் குறிப்பைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை எடுத்துவிட்டாள். சாயங்காலம் ஒரு விமானி விடாமல் எல்லோருடைய போனுக்கும் போகிற குறிப்பு அது.

“இது எழுத வேண்டாம்தானே சார்?”

“எழுதும்மா,” என்றார். “என் பேரைப் போட்டே எழுது.”