மாநிறம் என்று எழுதிய மனு

ஜுஸாராவின் நாட்குறிப்பு: "நவம்பர் 12, புதன். மனுவில் ஒரு தவறு செய்துவிட்டேன்."

பிரேசிலின் சல்வதோர் நகரத்துச் சாய்வெயில் வல்தெலீஸின் வாசலில் விழுகிறது. தலை பின்னிக்கொண்டே இனவெறிப் புகார்களைக் கேட்பது வல்தெலீஸின் இருபது வருட வழக்கம். இன்று அவள் முழங்கால்களுக்கிடையே எதினெயுசா உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கடையில், அத்தனை பேர் இருக்க, திருடியென்று சொல்லி அவள் பையை மட்டும் காவலாளி தரையில் கொட்டினான். அதை நேரில் பார்த்த ஜுஸாரா, தான் எழுதிய மனுவை வாசிக்கிறாள்: "மனுதாரர், மாநிறம்..." சீப்பு நின்றுவிடுகிறது. "யாருடி மாநிறம்? இவளா?" வல்தெலீஸ் வயிறு குலுங்கச் சிரிக்கிறாள். "மரியாதையா இருக்கட்டும்னுதான் அக்கா..." "அந்த மரியாதைய நீயே வெச்சுக்க கண்ணு," என்கிறாள் எதினெயுசா. "கறுப்பின்னுதானே என் பையக் கொட்டினான்?" வல்தெலீஸ் சிரிப்பை நிறுத்துகிறாள். "இப்படிக் கொடுத்தா, இனவெறின்னு எடுத்துக்காம, சும்மா கடைத் தகராறுன்னு கேஸை மூடிருவாங்கடி." ஜுஸாராவின் காது சுடுகிறது. அந்தச் சொல்லை அடித்து, 'கறுப்பு' என்று எழுதுகிறாள். பேனா கீழிறங்கி, சாட்சியின் விவரத்தில் தயங்குகிறது. அங்கே தன்னையும் மாநிறம் என்றுதான் எழுதியிருக்கிறாள். அதையும் அடித்து, 'கறுப்பு' என்றே எழுதுகிறாள். வல்தெலீஸ் எண்ணெய் விரலால் அவள் கன்னத்தைக் கிள்ளுகிறாள்.

"நாளை காலை எட்டு மணிக்கு மூவரும் காவல் நிலையம் போய் மனுவைக் கொடுக்க வேண்டும்."