சாய்கோட்டுக்குப் பின்னால் சூரியன்

மாரீஸ்வரி கணினியில் படம் வரைய முதன்முதலாக ஒரு புரோகிராம் எழுதினாள். சுவருக்கு ஒரு சதுரம், கூரைக்கு ஒரு முக்கோணம், சூரியனுக்கு ஒரு வட்டம். ஓடவிட்டால், படம் தெரிய வேண்டிய கட்டம் திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டது.

கடைசியாகச் சேர்த்தது சூரியன் என்பதால் சந்தேகம் முதலில் அதன்மேல் விழுந்தது. அதை வரையச் சொல்லும் வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடுகளைப் போட்டாள். இனிக் கணினி அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடும்.

"நான் ஒண்ணும் செய்யலையே," என்றது சூரியன்.

"கொஞ்ச நேரம்தான்ப்பா. உன்மேல தப்பு இல்லேன்னு தெரிஞ்சா கோடுகளை எடுத்துடுவாங்க," என்றது சுவர்.

மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும் மூடிக்கொண்டது.

"பார்த்தீங்களா? நான் இல்லை!" என்று சூரியன் சந்தோஷமாகக் கத்தியது.

பிறகு அவள் கூரையின் வரியைப் படித்தாள். மூன்று மூலைகளைக் கொடுத்துவிட்டு நான்கு மூலைகளை வரையச் சொல்லியிருந்தாள். இல்லாத மூலையைத் தேடிப் போய்த்தான் புரோகிராம் விழுந்திருக்கிறது. நான்கை மூன்றாக்கினாள். வீடு திரையில் நின்றது.

"இப்ப என் கோடுகளை எடுக்கச் சொல்லுங்களேன்," என்றது சூரியன்.

"சும்மா இரு," என்றது கூரை. "இப்பத்தான் ஓடுது. எதையாவது தொட்டா திரும்ப நின்னுடுமோன்னு அவங்க பயந்துட்டிருக்காங்க."

"ஆனா தப்பு என்கிட்ட இல்லையே?"

"இல்லதான்," என்றது கூரை.

மாரீஸ்வரி எல்லாவற்றையும் சேமித்துவிட்டுத் தோழியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"வீடு அழகா இருக்குடி," என்றாள் தோழி.

வானத்தில் ஒன்றும் காணோமே என்று அவள் கேட்பாளோ எனச் சூரியன் காத்திருந்தது.