நல்ல தண்ணீர்

ஓர் ஆய்வுக்கூடத்தில், தோல் ஆலையை ஒட்டி ஓடும் ஆற்றின் தண்ணீரைப் பத்து வெள்ளெலிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் நான்கு செத்தன. பிழைத்த ஆறில் ஏழாம் எண் எலி, மேசைமேல் கிடந்த பேனாவைக் கூப்பிட்டது.

"பேனா அண்ணே, நாலு பேர் செத்ததை எழுதினீங்களா?"

"எழுதினேன். 'நோஞ்சான்கள், சேர்க்க வேண்டாம்'னு ஆய்வு நடத்துற ஐயா அடிச்சுட்டார். நாளைக்குச் சோதிக்க வர்ற அரசு அதிகாரி முன்னால நீங்க ஆறு பேரும் குடிச்சுக் காட்டினதும் 'நல்ல தண்ணீர்'னு முத்திரை விழும். அப்புறம் அதுதான் உண்மை."

"குடிக்காட்டி?"

"அப்படி நடந்ததே இல்லையே" என்றது பேனா.

ஏழாம் எலி ஒவ்வொரு கூண்டாகப் பேசியது.

"குடிக்காட்டி, குடிச்சதும் தர்ற கடலை கிடைக்காதே" என்று முனகியது ஒன்று.

"செத்தவனுக்கு எதுக்குடா கடலை?"

மறுநாள் அதிகாரி வந்தபோது ஆறு கிண்ணங்களும் கவிழ்ந்து கிடந்தன. அவர் முத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஐயா பேனாவை எடுத்து, 'புது எலிகள் பத்து தேவை' என்று எழுதினார்.

"போச்சு, உங்க கதை முடிஞ்சுது" என்றது பேனா.

"அவங்க வந்து சேர்ற வரைக்கும் நாங்க இங்கேதானே இருப்போம்? குடிக்காதீங்கன்னு அவங்ககிட்டயும் சொல்ல அது போதும்" என்றது ஏழாம் எலி.